ஏழாம் தொட்டியின் காற்றாடி

சுண்டுவிரலின் நுனி கரியெண்ணெயைத் தொட்டது. பிறகு அலுமினிய இறகின் மேல் ஒரு புள்ளி வைத்தது. ஒரு விரற்கடை தள்ளி அடுத்த புள்ளி, அதற்கு நேர் கீழே இன்னொன்று. விளக்குக் கரியும் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த குழம்பு அது. சிரட்டையில் இருந்தது. இறகின் விளிம்பிலிருந்து விளிம்புவரை வரிசை பிசகவில்லை. ஒரு புள்ளி சற்றுப் பெரிதாகிவிட்டால் பழந்துணியால் துடைத்துவிட்டு அதே இடத்தில் மறுபடி வைத்தது அந்தக் கை. இடது கை காற்றாடியின் நடுக்குடத்தைப் பிடித்து அசையாமல் நிறுத்தியிருந்தது. ஆறு இறகுகளையும் முடிக்க ஐம்பது நிமிடம் பிடித்தது.

"ஏண்டி இஞ்சினியரம்மா, காத்தாடிக்குப் பொட்டு வைக்கிறியா? வயசுக்கு வந்திருச்சா அது?"

கேட்டது மூக்காயி. கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்த பெண்களில் மூத்தவள். கையில் விளக்குமாறு இருந்தது.

"ஆமா அத்தே. சடங்குக்கு நீங்கதான் சீர் கொண்டாரணும்."

"ஏழாம் நம்பர் மூதேவிக்கு இந்த வெளக்கமாறுதான் சீரு."

மாடியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைக் கழற்றி மாட்டும் பிட்டர் நான். இருபத்திரண்டு வருடம் முடிந்திருந்தது. இன்னும் சிறிது நேரத்தில் என் சிரிப்பு எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது.

புள்ளி வைத்துக்கொண்டிருந்த அனுஷியா எங்கள் தோட்டத்துப் பிள்ளை. பெல்மதுளையிலிருந்து ஏழு மைல் ஏறினால் வரும் மேல் பிரிவில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவளுடைய வீடு. அப்பா பழனிமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர், அம்மா மீனாம்பாள் கொழுந்து பறிப்பவர். எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரக் கணிதம் கற்பிக்க ஆள் இல்லாததால் அட்டனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்தாள். பேராதனையில் இயந்திரப் பொறியியல் முடித்தாள். கொழும்பில் குளிரூட்டிக் குழாய் பொருத்தும் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் இருந்தாள். 2002 ஐப்பசியில் அந்த வேலையை விட்டுவிட்டுப் பெட்டியோடு லயத்துக்கு வந்து இறங்கினாள்.

காரணம் ஒரு தேர்வு. சென்னையில் ஒரு கல்லூரியில் வானூர்திப் பொறியியல் மேற்படிப்பு இருக்கிறது. அதற்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அடுத்த மே மாதம் கொழும்பிலும் எழுதலாம் என்று அறிவித்திருந்தார்கள். விண்ணப்பிப்பவருக்கு இருபத்தெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு ஆவணியில் இருபத்தெட்டு. ஆகவே ஒரே ஒரு தடவைதான். அதை விட்டால் பிறகு இல்லை.

"ஏரோப்பிளேன் ஓட்டப் போறியா?" என்று லயத்தில் எல்லாரும் கேட்டார்கள்.

"ஓட்ட இல்ல. அது ஏன் விழாம இருக்குன்னு பாக்க."

"விழாம இருந்தா சரிதானே, அதுல என்னத்தப் பாக்கிறது?"



லயத்துக் காம்பரா ஒரே அறை, அதில் ஐந்து பேர். பக்கத்து வீட்டு ரேடியோ காலை ஐந்தரைக்குத் தொடங்கும். அங்கே படிக்க முடியாது. அவள் போய்க் கேட்டது தொழிற்சாலையை நடத்தும் எங்கள் டீமேக்கரை. நிலாம் என்று பெயர், மாவனல்லைக்காரர், கண்டிப்பானவர்.

"கெம்பஸ் போன புள்ளைக்குக் கொழுந்து பரத்துற வேலையா? உனக்கென்ன, பிஸ்ஸு புடிச்சிருக்கா?" என்றார் அவர்.

"படிக்கிறதுக்குத்தான் சேர். இங்க எட்டுக் காத்தாடி இருக்கே."

நிலாம் தற்காலிக ஆட்களின் ஏட்டில் பெயரை எழுதச் சொன்னார்.

எங்கள் மாடியில் எட்டு நீளத் தொட்டிகள். ஒவ்வொன்றும் எண்பது அடி நீளம், ஆறடி அகலம். தொட்டியின் ஒரு முனையில் நான்கு அடிக் காற்றாடி சுழலும். அது தள்ளும் காற்று கம்பிவலைக்கு அடியில் ஓடி, வலையின் மேல் பரப்பிய கொழுந்தின் ஊடாக மேலே வரும். அப்படித்தான் கொழுந்து வாடுகிறது. முதல் நாள் கொழுந்தை விடியத் தொடங்கி ஏழு மணிக்குள் அள்ளிவிடுவார்கள். அன்றைய கொழுந்து பதினொரு மணிக்கு வரும். இடைப்பட்ட நான்கு மணி நேரம் தொட்டிகள் சும்மா கிடக்கும். அந்த நான்கு மணி நேரம்தான் அவளுடைய பள்ளிக்கூடம்.

அட்டை கிழிந்த ஒரு ஆங்கிலப் புத்தகம் வைத்திருந்தாள். பதினொரு வருடத்துக் கேள்வித்தாள்களின் போட்டோப் பிரதிகள் இருந்தன. எந்தக் கணக்கையும் புத்தகத்தில் போட்டிருந்தபடியே ஒப்புக்கொள்ள மாட்டாள். புத்தகம் ஓர் இறகைப் பற்றிப் பேசினால் எழுந்துபோய்க் காற்றாடியின் இறகைத் தடவிப் பார்ப்பாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வீசியெறிந்த சேலைன் குழாயைக் கழுவி, பலகையில் சாய்த்துக் கட்டி, சிவப்பு மை கலந்த தண்ணீர் ஊற்றி, காற்றின் அழுத்தத்தை அளக்க ஒரு கருவி செய்தாள். அது மயிரிழைக்கும் அசைந்தது. தொழிற்சாலையில் விலைக்கு வாங்கி வைத்திருந்த கருவி அவ்வளவு அசையாது.

புதிதாக வந்தவள் என்பதால் அவளுக்கு ஏழாம் தொட்டியைக் கொடுத்திருந்தார்கள். அதை யாரும் விரும்புவதில்லை. அதில் கொழுந்து வாடுவதற்கு நேரமாகும். எனவே மற்றத் தொட்டிகளைவிட இரண்டு சாக்குக் கொழுந்து குறைத்துப் பரப்புவது வழக்கம். மூக்காயி எல்லாப் புதியவர்களுக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஏழு ராசியில்லை, அதற்கு ரெண்டு சாக்குக் குறை என்று. ஆறு வருடமாக அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. நிலாமின் பதிவேட்டிலேயே அதற்குத் தனி நிரல் இருந்தது.

மாசி மாதம் அனுஷியா ஏழாம் காற்றாடியை எடுத்துக்கொண்டாள். இறகின் சாய்வு, அகலம், வளைவு, சுழலும் வேகம் எல்லாவற்றையும் அளந்து, எவ்வளவு காற்று வர வேண்டும் என்று புத்தகத்தின்படி கணக்கிட்டாள். பிறகு சேலைன் குழாயால் அளந்தாள். பத்துப் பங்கு வர வேண்டிய இடத்தில் ஆறு பங்கு வந்தது.

திரும்பக் கணக்கிட்டாள். ஆறு பங்குதான். கருவியைச் சந்தேகித்துப் பிரித்துக் கட்டினாள். ஆறு பங்கு. புத்தகத்தில் அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து எழுதிப் பார்த்தாள். இப்படி ஒரு வாரம் போய், மூன்று போய், ஐந்தாவது வாரமும் வந்தது. கேள்வித்தாள்கள் பைக்குள் அப்படியே கிடந்தன. மெலிந்து போனாள்.

"விட்டுட்டு மத்தத படியேன். பரீட்சையில ஏழாம் தொட்டியவா கேக்கப் போறாங்க?" என்றேன் நான்.

"இறகுல காத்து எப்படிப் போகுதுங்கிறதுதான் அண்ணே இந்தப் படிப்பே. அதுவே எனக்கு வரலேன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிட்டுப் பரீட்சைக்குப் போறது?"

ஆறாவது வாரத்தில் எட்டாம் தொட்டியை அளக்க மூக்காயியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினாள். அங்கே பத்துக்கு ஒன்பதே கால் வந்தது. இரண்டும் ஒரே கம்பெனிக் காற்றாடிகள், ஒரே அளவு, ஒரே சாய்வு. அன்று மாலை லயத்துக்குப் போய்க் குப்பி விளக்கின் மேல் தகரத்தைப் பிடித்துக் கரி சேர்த்தாள்.

அந்தப் புள்ளிகளைப் பற்றித்தான் முதலில் சொன்னேன்.

நிலாம் மேலே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "பிள்ளே, பதினொரு மணிக்குள்ள ஒரு சொட்டு இல்லாமத் தொடச்சிரணும். தேயிலையில மண்ணெண்ணெ வாசம் வந்துச்சின்னா ஏலத்துல என்னயத்தான் கிழிப்பாங்க."

"துடைச்சிர்றேன் சேர். பத்து நிமிசம் ஓடட்டும்."

முதலில், அதேபோலப் புள்ளி வைத்திருந்த எட்டாம் காற்றாடியை ஓட்டி நிறுத்தினோம். புள்ளிகள் எல்லாம் கோடுகளாக இழுபட்டிருந்தன. முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை, சீப்பால் வாரிய தலைமுடிபோல. காற்றுக்கு உருவம் கிடையாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது நடந்து போன தடம் அலுமினியத்தில் கறுப்பாகக் கிடந்தது. மூக்காயி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

பிறகு ஏழாவது. அதில் கோடுகள் சிறிது தூரம் ஓடி நின்றிருந்தன. நடுவில் கரி தேங்கிக் கிடந்தது. சில கோடுகள் வந்த வழியே திரும்பியிருந்தன. அனுஷியா இறகின் இரண்டு விளிம்புகளையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாள். அடுத்தாற்போல எட்டாம் காற்றாடிக்குப் போய் அதையும் தடவினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அண்ணே, கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"இதத் திருப்பி மாட்டியிருக்கு. மொத்தையா இருக்கிற விளிம்பு முன்னால வரணும், கூரா இருக்கிறது பின்னால. இதுல மாறியிருக்கு. வளைவும் மறுபக்கம் பாக்குது."

"அதெப்படி? திருப்பி மாட்டியிருந்தாக் காத்து மறுபக்கம் போயிருக்குமே. மேலதானே வருது? லேஞ்சியப் போட்டுப் பாத்துட்டுத்தானே நான் போல்ட்டே இறுக்கினேன்."

1997இல் மோட்டார் எரிந்து, கம்பி சுற்றி வந்தபோது அந்தக் காற்றாடியைக் கழற்றி மாட்டியவன் நான். கைக்குட்டையை வலையின் மேல் போட்டால் அது மேலே எழும்ப வேண்டும். எனக்குத் தொழில் பழக்கியவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அவள் என் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத எந்தப் பக்கமாப் போட்டாலும் ஒரே பக்கந்தானே அண்ணே முறுக்குவீங்க?"

நட்டைப் பார்த்தேன். ஒரு பக்கமாகப் போல்ட்டில் ஏற்றினேன். கழற்றி, புரட்டி, மறுபடி ஏற்றினேன். வலப்புறம்தான். எத்தனை ஆயிரம் நட்டுகளை இந்தக் கையால் முறுக்கியிருப்பேன். புரட்டிப் போட்டாலும் அது அதே பக்கம்தான் ஏறும் என்பது கைக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. காற்றாடியும் அப்படியேதான். புரட்டினாலும் காற்று அதே திசைக்குத்தான் போகும். பலம் மட்டும் போய்விடும். அதனால்தான் ஆறு வருடம் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

எனக்கு வெட்கம் வந்தது. அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது வேறு. கோவிலில் திரை விலகும்போது வருமே, அது. இருபத்தேழு வயதுப் பெண், கரி படிந்த சுண்டுவிரலோடு, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எங்கள் எல்லார் கண்ணுக்கும் காட்டிவிட்டு, துடைக்கிற துணியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் நிலாமிடம் சொல்லிக் கழற்றித் திருப்பி மாட்டினேன். என் பிழை என்று அவரிடம் நானே சொன்னேன். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லி, "ஓடுதா பாருங்க" என்றார். அனுஷியா அளந்தாள். ஒன்பது பங்கு. ஆனால் பெண்கள் பழக்கத்தில் இரண்டு சாக்குக் குறைத்தே பரப்பிவிட்டார்கள். விடியற்காலையில் ஏழாம் தொட்டிக் கொழுந்து அப்பளம்போல நொறுங்கியது. மூக்காயி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

அனுஷியாவுக்கு அந்த ஆறு வாரம் திரும்பக் கிடைக்கவில்லை. தேர்வுக்கு முப்பத்தொரு நாள் மீதி. பாடத்தின் எட்டுப் பகுதிகளில் ஏழு முடிக்கலாம், ஒன்றை விட வேண்டும் என்று கணக்குப் போட்டாள். விட்டது செயற்கைக்கோள்களின் பாதை பற்றிய பகுதி. நான் அவளிடம் ஏதோ சொல்லப் போனேன்.

"போனது போனதுதான் அண்ணே. அதப் பத்திப் பேசி இன்னும் ஒரு நாளப் போக்காதீங்க" என்றாள்.

தேர்வு வந்தபோது பழனிமுத்துவுக்குக் காய்ச்சல். அவளைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் மீனாம்பாள் என்னைத் துணைக்குப் போகச் சொன்னாள். முதல் நாளே பஸ் ஏறினோம். அவிசாவளை தாண்டியதும் அவள், "கட்டாயம் எழுத வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கும். அது மட்டும் அந்தப் பகுதியில வராம இருக்கணும்" என்றாள்.

கட்டாயக் கேள்வி அதில்தான் வந்தது. ஒரு பாதையில் சுற்றும் செயற்கைக்கோளை அதைவிட உயரமான பாதைக்கு ஏற்ற எவ்வளவு வேகம் கூட்ட வேண்டும் என்று. படித்தவர்களுக்குச் சூத்திரம் இருக்கிறது, பத்து நிமிடத்தில் போட்டுவிடலாமாம். அவளுக்குச் சூத்திரம் தெரியாது. பூமி ஒரு பொருளை எப்படி இழுக்கிறது என்ற ஒன்றிலிருந்து தொடங்கி, அந்தச் சூத்திரத்தை அங்கேயே உண்டாக்கினாள். ஐம்பது நிமிடம். இவை பிறகு அவள் சொல்லி நான் அறிந்தவை. ஜூன் கடைசியில் தேர்வானவர்களின் பட்டியல் வந்ததும், அதில் அவள் பெயர் பத்தொன்பதாவதாக இருந்ததும் பிறகு நடந்தவை.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான். அது ஒரு பள்ளிக்கூட மண்டபம், பக்கத்தில் மாமரம். ஜன்னல் திறந்திருந்தது. இருபத்துமூன்று பேர் எழுதினார்கள். பன்னிரண்டு மணிக்குமேல் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அவள் மேலதிகத் தாள் கேட்டுக் கை தூக்கினாள்; பிறகு இன்னொரு தடவையும். தலை நிமிரவில்லை. எழுதும் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மணி அடித்தது. கண்காணிப்பாளர், நரைத்த மீசைக்காரர், மேசை மேசையாக வாங்கிக்கொண்டு கடைசியில் அவளிடம் வந்து கையை நீட்டினார். அவள் முதல் தாளில் தன் இலக்கத்தைச் சரிபார்த்தாள். தாள்களை வரிசைப்படி அடுக்கி, மேசையில் தட்டி ஓரம் ஒழுங்குபடுத்தினாள். எழுந்து நின்று, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள்.