சாலைக்கருப்பு

எங்கள் ஊர்ச் சாமிக்குச் சாலைக்கருப்பு என்று பெயர். ஊருக்குச் சாலை கிடையாது. வெளியூர்க்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள், எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தச் சாமியை உண்டாக்கியவள் என் அம்மா.

பண்ணைக்காட்டுக்குக் கீழே, ஆற்றுப் பள்ளத்தாக்கின் இக்கரைச் சரிவில் இருந்தது ஊர். காப்பியும் மிளகும் வாழையும் விளையும். விளைந்ததெல்லாம் மட்டக்குதிரைகள் முதுகில் பொதியாக ஏறி, ஒற்றையடிப் பாதை வழியே வத்தலக்குண்டுக்கு இறங்கும். அம்மா பிறந்த ஊரும் கீழேதான், வயல்காடு. தாயில்லாத அவளை வளர்த்து மலைக்குக் கட்டிக்கொடுத்தவள் அவளுடைய அக்கா. எனக்குப் பெரியம்மா, நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாளே தவிர, அந்தப் பாதையில் இறங்க அவளால் ஆகாது. இளைப்புக்காரியான பெரியம்மாவால் ஏற முடியாது. டோலி கட்டித் தூக்கிப் போயிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் டோலி ஏறுவது பிரசவம் சிக்கலானவர்களும் சாகக் கிடக்கிறவர்களும்தான். திடமாக இருக்கிறவள் டோலியில் போய்ப் பிறந்தவீட்டு வாசலில் இறங்கினால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள்.

ஆகவே அக்காவும் தங்கையும் பொதிக்குதிரை ஓட்டும் ராவுத்தரின் வாய்வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். அவர் பெரியம்மா கொடுத்த முறுக்கை எங்களிடம் தருவார். அம்மா கொடுத்த மலைவாழைச் சீப்பைக் கீழே கொண்டு போவார். பழத்தில் இரண்டு வழியில் குறைந்திருக்கும். அதை யாரும் கேட்பதில்லை.

ஒரு தை மாதம் ஓவர்சீயர் ஒருவர் ஆட்களோடு வந்தார். முக்காலியில் கண்ணாடியை நிறுத்திப் பார்த்தார்கள், சங்கிலி பிடித்து அளந்தார்கள், எங்கள் தோட்டத்து முனையில் வெள்ளையடித்த கல் ஒன்றை நட்டார்கள். மோட்டார் போகிற ரோடு இந்த வழியாகத்தான் வரும், மழைக்காலம் கழிந்ததும் வேலை தொடங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அம்மா வைத்த குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. அப்பா மோரை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் அம்மா என் தோளைப் பிடித்தபடி அந்தக் கல்லண்டை போனாள். வீட்டுக்கு நிலை வைத்தாலும் கல்யாணத்துக்குக் கால் நட்டாலும் மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் காரியம் பாதியில் நின்றுவிடும். சர்க்கார் ஆட்கள் கல்லை மொட்டையாக விட்டுப் போய்விட்டார்களே என்பது அவள் கவலை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் சொருகினாள். ரோடு நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று கும்பிட்டாள்.

பூவைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, சும்மா இருப்பானேன் என்று விளக்கு ஏற்றினாள். அந்த வாரம் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஒருத்தி தொட்டில் கட்டினாள், ஒருவர் சூலம் நட்டார். ராவுத்தர்கூடக் குதிரைக் கழுத்து மணி ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தார். ஆடி மாதம் கிடாய் வெட்டினார்கள். வரப்போகிற சாலையின் சாமி என்பதால் சாலைக்கருப்பு என்று பெயரும் விழுந்தது. கறிச்சோறு தின்ற எனக்கு அதைவிடச் சக்தியுள்ள தெய்வம் இருக்க முடியாது என்று பட்டது.

மழை கழிந்து ஓவர்சீயர் திரும்பி வந்தார். கல்லைத் தேடியவர் கோயிலைக் கண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, இது எத்தனை காலத்துச் சாமி என்று கேட்டார். வெளியாள் வந்து சாமியைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு.

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து இங்கனதான் கெடக்குதுங்க" என்றார்கள். சொன்னவர்களில் அப்பாவும் ஒருவர்.

ஓவர்சீயர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேறோர் ஊரில் கோயில் சுவரில் கை வைத்துப் பட்ட பாட்டை விவரமாகச் சொன்னார். கல்லைத் தன் ஆட்கள்தான் எங்கேயோ தவறவிட்டிருக்க வேண்டும் என்றும், ரோட்டை அக்கரை வழியாகத் திருப்ப மேலே எழுதிவிடுவதாகவும் சொன்னார். சர்க்காரே நம் சாமிக்கு அடங்கிவிட்டது என்று எல்லோரும் பூரித்து நின்றபோது, பெண்கள் கூட்டத்திலிருந்து அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். ஆண்கள் சபையில் அவள் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அது நீங்க நட்ட கல்லுதாங்க. நாந்தான் மஞ்ச பூசுனேன். பிடுங்கிப் போட்டுட்டு ரோட்டப் போடுங்க."

யாரோ உஸ் என்றார்கள். அப்பா முகம் கறுத்துப் போயிற்று. ஓவர்சீயர் நல்ல மனிதர். கண் கலங்கிப்போய், "சர்க்காருக்குப் பயந்துக்கிட்டு சாமிய விட்டுக்கொடுக்காதீங்கம்மா" என்றார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ரோடு அக்கரையில் போனது. நடுவில் ஆறும் இரண்டு பக்கத்துச் செங்குத்துச் சரிவும். வத்தலக்குண்டிலிருந்து வரும் பஸ் எங்கள் தோட்டத்துக்கு நேர் எதிரே ஒரு வளைவில் திரும்பும். எங்கள் கண்ணுக்குத் தீப்பெட்டி அளவுதான். தினமும் பஸ் வரும் நேரத்துக்கு அம்மா கல்லுக்கு விளக்கேற்றப் போவாள். எங்களுக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தேன். ரோடு வராததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வந்தால் அம்மா எங்களை விட்டுப் போய்விடுவாளே.

ஒருநாள் ராவுத்தர் வந்து அம்மாவிடம் ஏதோ தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா வெள்ளனே குளித்து, கூறைச் சேலையைக் கட்டிக்கொண்டு கல்லண்டை போய் உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கரையில் பஸ் வந்தது. எப்போதும் நிற்காத அந்த வளைவில் நின்றது. ஒரு பெண் இறங்கி, பள்ளத்தின் ஓரம்வரை வந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். அம்மா சூலத்தைப் பிடித்து எழுந்து, அவளும் கைகளைத் தூக்கினாள். இரண்டு பேரும் ஏதோ கத்தினார்கள். ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஏறினாள்.

அவள்தான் என் பெரியம்மா என்பதை, எனக்குக் கல்யாணமாகி நானும் பிறந்தவீட்டை விட்டு வந்த பிறகு ராவுத்தர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் பெரியம்மா போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பதுதான். அப்படி நிற்கக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள். சேலையைப் பிடித்து இழுத்து, "சாமி பின்னால இருக்கும்மா" என்றேன்.

"இருக்கட்டும்டி" என்றாள் அம்மா. புழுதி அடங்கும்வரை அவள் திரும்பவில்லை. நானோ, அக்கரையிலிருந்துகூட நம் கருப்பைக் கும்பிட பஸ்ஸில் ஆள் வருகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன்.