நாற்காலிக்குப் பின்னால் நின்ற அண்ணி

என் அண்ணி வாயைத் திறக்கணும்னா நீங்க அவளுக்கு முதுகைக் காட்டி உட்காரணும். பார்லர்ல முடி வெட்டற வேலை அவளுக்கு. வர்றவங்க கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருப்பாங்க, இவ பின்னால நின்னுக்கிட்டு வெட்டிக்கிட்டே பேசுவா. அப்படியே பழகிப்போச்சு. நேருக்கு நேர் உட்கார்ந்து என்ன கேட்டாலும் ஒரு 'ம்' வரும், அவ்வளவுதான். அண்ணின்னு பேருதான், வயசுல என்னைவிடச் சின்னவ. வா போன்னுதான் பேசுவேன்.

என் அண்ணன் போய்ச் சேர்ந்தப்புறம் வீட்டுல அந்த 'ம்'மைக் கேட்கவும் ஆள் இல்லாம போச்சு. அவ குடிக்கறான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஃப்ளாஸ்க்ல காபி கொண்டு போறான்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். ஒருநாள் பார்லர் ஓனரம்மா போன் பண்ணினாங்க. "வேலையில தங்கம்தான். ஆனா கை நடுங்குது. இன்னைக்கு ஒருத்தங்க காதோரம் கீறிட்டா. வந்து கூட்டிட்டுப் போங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு, நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்கணும்னுதான் கிளம்பினேன். போய்ப் பார்த்தா, துண்டு துவைக்கற ரூம்ல ஈரத் துண்டைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. கேட்க வந்ததெல்லாம் மறந்தே போச்சு.

குடியை விடணும்னு நினைக்கறவங்க கூடிப் பேசற குழு ஒண்ணு லைப்ரரி மாடியில நடக்குதுன்னு மருந்துக் கடைக்காரர் சொன்னார். தனியா போகமாட்டேன்னு அண்ணி ஒரே பிடிவாதம். நாத்தனார்னு ஒருத்தி எதுக்கு இருக்கேன்? இழுத்துக்கிட்டுப் போனேன்.

முதல் நாளே சொதப்பல். உள்ளே போய் உட்கார்ந்தா ஒரு பெரியவர் கண்கலங்கப் பேசிக்கிட்டிருக்கார். "எல்லாரும் தூங்கினதும் மெதுவா அலமாரியைத் திறப்பேன். இன்னைக்குக் கொஞ்சம்தான்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். காலையில பார்த்தா எல்லாம் காலி." அண்ணி என் கையை இறுக்கிப் பிடிச்சா. நான் கைக்குட்டையைத் தேடினேன். கடைசியில மனுஷர் மூக்கைச் சிந்திட்டு, "அதுவும் சாக்லேட் கேக்குன்னா கேட்கவே வேண்டாம்"னார். உடம்பு இளைக்க வர்றவங்க கூட்டமாம்! தலையில அடிச்சுக்கிட்டு எதிர் ரூமுக்கு ஓடினோம். வராந்தாவுல அண்ணி சிரிச்சா. அவ சிரிச்சுப் பார்த்து எவ்வளவு காலமாச்சு!

எதிர் ரூம்ல நாற்காலியெல்லாம் வட்டமா போட்டிருந்தாங்க. போச்சுடான்னு நினைச்சேன். எல்லார் முகமும் எல்லாருக்கும் தெரியுதே, இவ எங்கே பேசப்போறா? வட்டத்துக்கு வெளியே சுவரோரம் ரெண்டு பேரும் ஒண்டிக்கிட்டோம். நடத்தறவர் ஒரு பல் டாக்டர். "இஷ்டமிருந்தா பேசலாம், கட்டாயமில்லை"ன்னார். கட்டாயப்படுத்தியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு எனக்கு. வாரா வாரம் போனோம். அண்ணி கேட்டா, டீ குடிச்சா, வீட்டுக்கு வந்தா. குடி குறைஞ்சுது, நிக்கலை.

அதுக்குள்ள என் வீட்டுக்காரருக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்துடுச்சு. நான் போயிட்டா இவ அந்த மாடிப்படி ஏறுவாளா? ஏறலைன்னா யாருக்குத் தெரியப்போகுது? ஒரு வார்த்தை பேசாதவளை யார் தேடுவாங்க? பஸ்ல வச்சே கத்திட்டேன். "நீ வராம போனா அங்க ஒருத்தர்கூடக் கேட்கமாட்டாங்க அண்ணி! உன் குரல்கூட அவங்களுக்குத் தெரியாது!"

அவ ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தா.

அன்னைக்குத்தான் நான் கடைசியா போனது. எங்களுக்கு முன்னால, முதுகு எங்க பக்கமா, எப்பவும் போல அந்தக் குழுவுல இருக்கற லாரி டிரைவர் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். தனி ஆள். முடியைத் தானே வெட்டிக்குவார் போல, பின்னந்தலை எலி கடிச்ச மாதிரி இருக்கும். வாரா வாரம் அதைப் பார்த்துப் பார்த்து அண்ணி நெளிவா. அன்னைக்கு டீ முடிஞ்சதும் எழுந்தா. பையிலிருந்து சீப்பையும் கத்தரியையும் எடுத்தா. அவர் பின்னால போய் நின்னு, "கொஞ்சம் அசையாம இருங்க"ன்னா.

எனக்கு உயிரே போயிடுச்சு. காதுக்கிட்ட கத்தரி, நடுங்கற கை! டாக்டர் பாதி எழுந்துட்டார். டிரைவர் மட்டும் சமத்தா தலையைக் குனிஞ்சு கொடுத்தார்.

கொஞ்ச நேரம் வெட்டினா. அப்புறம், அந்தப் பின்னந்தலையைப் பார்த்துக்கிட்டே ஆரம்பிச்சா. "நானும் குடிக்கிறேங்க. பேச ஆள் இல்லைன்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப யார் வந்தாலும் கதவைத் திறக்கறதில்லை. பெல் அடிச்சா டிவி சத்தத்தைக் குறைச்சுட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். அவங்க போனதும், என்னைத் தேடி ஒருத்தரும் வர்றதில்லையேன்னு அழுவேன்."

கத்தரி நின்னுடுச்சு. யாரும் உச்சுக் கொட்டலை. டிரைவர் தலையை அசைக்காம, "மேல சொல்லும்மா, இன்னும் நிறைய முடி இருக்கு"ன்னார்.

அவ சொன்னா. எனக்கே தெரியாததெல்லாம் சொன்னா. என் அண்ணன் குரல் அவளுக்கு மறந்துபோச்சாம்.

முடிச்சதும் அவர் கழுத்தை ஊதி விட்டா. அவர் பக்கத்துல கிடந்த நாற்காலியை லேசா இழுத்துப் போட்டார். அண்ணி அதுல உட்கார்ந்தா, வட்டத்துக்குள்ள. திரும்பி என்னைப் பார்ப்பான்னு காத்திருந்தேன். பார்க்கலை.

"நீங்க ஏதாவது பேசறீங்களாம்மா?"ன்னு டாக்டர் என்னைக் கேட்டார். ஊரையே பேசித் தீர்க்கறவ நான். ஒண்ணும் வரலை. இல்லைன்னு தலையை ஆட்டிட்டு வெளியே வந்துட்டேன். இனி அவளுக்குத் துணைக்கு நான் வேண்டாம். இதுக்குத்தானே ஆசைப்பட்டேன்? மாடிப்படியில உட்கார்ந்து நல்லா அழுதேன்.