பிடிபட்ட வண்டிக்கு ஒரு அட்டை

தாம்பரத்தில் இட்லி வண்டி போட மாவு அரைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, கடை தூக்கும் மாநகராட்சி லாரி எப்போது கிளம்பும் என்றும் தெரிய வேண்டும். தெருவோரத்தில் அடுப்பு பற்றவைக்கும் என் இனமே, உங்களுக்கு இது புதிதில்லை.

எழுதாத சட்டம்

ஸ்டேஷன் ரோட்டில் பதினோரு வருடமாக நிற்கிறேன். மகள் படிப்பு, வீட்டு வாடகை எல்லாம் அந்த வண்டியில்தான் ஓடுகின்றன. லாரியில் வேலை பார்க்கும் முருகேசனுக்கு தினமும் காலை டிபன் என்னிடம்தான். ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"யக்கா, இன்னிக்கு லாரி வருது. சட்டுனு நாலு இட்லி வை, துன்னுட்டு போய் ஏறணும். நீ வண்டிய சந்துக்குள்ள தள்ளிக்கினு போய்டு."

முருகேசன் லீவு

ஒருநாள் அவருக்குக் காய்ச்சல். சொல்ல ஆளில்லை, வண்டி போய்விட்டது. லாரி பின்னாலேயே ஓடினேன். மாநகராட்சி அலுவலகத்தின் பின்புறம் பழைய சைக்கிள்களோடு அதைப் பூட்டி வைத்துவிட்டு, தெரு வியாபாரி அட்டை இருந்தால்தான் தருவோம் என்றார் காவலாளி. வியாபாரிகளைக் கணக்கெடுத்து அட்டை கொடுக்கும் சார் அதே கட்டிடத்தில் மாடியில் இருந்தார். ஏறினேன், இறங்கினேன், மறுநாளும் ஏறினேன். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில்லாமலே இட்லி வெந்திருக்கும். அந்த சார் மட்டும் நிதானமாகச் சொன்னார்:

"வண்டியோட நிக்கிற போட்டோ இல்லாம கார்டு குடுக்க ரூல் இல்லம்மா."

அலுவலகக் கிளை

விடுவேனா? மூன்றாம் நாள் காலை வீட்டிலேயே இட்லி அவித்து, சாம்பார் வாளியோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். காவலாளியிடம் முதல் தட்டை நீட்டினேன், கேட் திறந்தது. என் வண்டி மேலேயே இலை போட்டுப் பரிமாற ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் மாடியே கீழே இறங்கி வரிசையில் நின்றது, கணக்கெடுக்கும் சாரும்தான்.

"சார், இதோ நான், இதோ வண்டி. எடுங்க போட்டோ" என்றேன். எடுத்தார். படிவத்தில் தொழில் நடக்கும் இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. "ஸ்டேஷன் ரோடுன்னு போடுங்க" என்றேன். எழுதினார். பக்கத்தில் தட்டை வழித்துக்கொண்டிருந்த காவலாளி சொன்னார்:

"அவசரமா எடுத்துக்கினு போவாதக்கா, இங்க நல்ல டிபனுக்கு ஒரு கட கெடையாது."

இப்போது அரசாங்க அட்டை என் கழுத்தில் தொங்குகிறது, ஆனாலும் லாரி வருகிறதா என்று முருகேசனைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.