எல்லாம் உங்க தயவு

நான் கிண்டியில் லேத் பட்டறையில் வேலை செய்தவன். ஐந்தாவதுதான் படித்தேன். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாய் வராது. தொண்ணூறுகளில் ஒருநாள் மிஷினில் சிக்கி, வலது கை விரல்கள் மடங்கிப்போயின. அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில், கையை மறுபடி வேலைக்குப் பழக்கும் பிரிவில் உதவியாளராக இருந்த வசந்தாதான் ஏழு மாதம் எனக்குப் பயிற்சி கொடுத்தது. துணி கிளிப்பை அழுத்தச் சொல்லும். சட்டைப் பட்டனைப் போடச் சொல்லும்.

"இன்னாண்ணே, பட்டன் கடிச்சிடுமா? போடு!"

வசந்தாவுக்கு அதே துறையில் பட்டப்படிப்பு சேர ஆசை. நோயாளிகளைத் தனியாகக் கவனித்த அனுபவம் உண்டென்று தலைமை டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று, என்னையே சாட்சியாக அவர் அறைக்குக் கூட்டிப்போனது.

டாக்டர் என் விரல்களைப் பார்த்தார்.

"யாருய்யா சரி பண்ணது?"

அவர் ஒருநாளும் என் கையைத் தொட்டதில்லை. ஆனால் முதலாளிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் முந்திக்கொண்டது. கும்பிட்டபடி, "எல்லாம் உங்க தயவுதான் சார்" என்றேன்.

"கேட்டியாம்மா? பேஷண்டே சொல்றான்" என்று சிரித்து, காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் தள்ளினார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் தரையைப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் வசந்தா, "வுடுண்ணே. நாளைக்கு லேட் பண்ணாம வா, கட்டைவிரல் பாக்கி கீது" என்றது.

அந்த டாக்டரை நினைத்தால் அருவருப்புதான். ஆனால் வசந்தா நீட்டிக் கொடுத்த விரல்களைக் குவித்து அவரைக் கும்பிட்டவன் நான். இன்றும் பட்டன் போடும்போது இந்தக் கையைப் பார்த்தால் அதே அருவருப்புதான்.