மரியதாஸ் அடிக்காத பந்து

மரியதாஸ் போய்விட்டான். இன்று காலை, செமாபோக்கில், மகள் வீட்டில். அவள்தான் போன் செய்தாள்.

என் வயதில் என்னை வாடா போடா என்று கூப்பிட அவன் ஒருவன்தான் மிச்சம் இருந்தான்...

இதைப் படிக்கும் பலருக்கு அவனைத் தெரியாது. ஒழுங்காகச் சொல்ல வருமா என்றும் தெரியவில்லை.

ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்து ஆண்ட காலம். நாங்கள் இருவரும் இளம் குமாஸ்தாக்கள், காஜா பேராங் பக்கம் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். ஊருக்கு வெளியே வெள்ளைக்காரர்களின் கோல்ஃப் திடலில் பஞ்சத்துக்கு மரவள்ளி நடச் சொல்லி எங்கள் ஆபீஸ் ஆட்களை அனுப்பினார்கள். அதுவரை அந்தத் திடலை வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

இடுப்பளவு வளர்ந்திருந்த லாலான் புல்லை வெட்டும்போது மரியதாஸுக்கு ஒரு பந்து கிடைத்தது. பிறகு, பிடி உரிந்த ஒரு மட்டை.

"டேய், துரை ஓடிட்டான். இனிமே நம்ம ஆட்டம்தான் லா!"

இருவருக்கும் ஆடத் தெரியாது. எங்கோ படித்ததை வைத்து நான் பாடம் நடத்தினேன். இடது கை நேராக... அடிக்கும்போது தலையைத் தூக்கக் கூடாது... தினமும் மண்வெட்டி பிடிக்கும் முன் மாறி மாறிக் காற்றில் வீசிப் பழகுவோம். மட்டை சாக்குக்குள் ஒளிந்திருக்கும். வெள்ளைக்காரன் சாமானோடு பிடிபட்டால் உதைதான்.

பந்தை மட்டும் அடிக்கவில்லை. இருந்தது ஒன்றே ஒன்று. லாலானில் விழுந்தால் போச்சு.

"அந்த ஓடையைத் தாண்டி நேரா போகும்னு தெரிஞ்சாதான் அடிப்பேன்" என்பான். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஸ்விங் இன்னும் கொஞ்சம் தேறட்டும்...

ஒருநாள், சரியாகக் குனிந்து வணங்கவில்லை என்று காவலில் நின்ற ஜப்பான் சிப்பாய் அவனை அறைந்தான். வீங்கிய கன்னத்தோடு வந்து சொன்னான்: "நீ இத்தனை நாளு சொல்லி வராதது அவன் ஒரு அறையில சொல்லிக் குடுத்துட்டான் பாரு. இனி தலையைத் தூக்கவே மாட்டேன்!"

சிரித்தான். என்னால் முடியவில்லை.

கொஞ்ச நாளில் சயாமுக்கு ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்தார்கள். சந்தைக்குப் போனவனை அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்கள். பந்து எங்கள் அறையில் அவன் பெட்டிக்குள் இருந்தது.

நான் தனியாகப் பழகினேன். வந்தால் பார்ப்பானே என்று.

போர் முடிந்தபின் வந்தான், எலும்பும் தோலுமாக. வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. மட்டையை நீட்டினேன். பாதி தூக்கிவிட்டுக் கீழே வைத்தான்.

"நீ அடி."

"உன் பந்துடா."

"எனக்கு இனி எதுக்கு? நீயே வச்சுக்க."

எங்களைப் போன்றவர்களையும் கோல்ஃப் கிளப்பில் சேர்க்கத் தொடங்கிய பிறகு பல வருடம் ஆடினேன். தேறவே இல்லை. அவன் குடை பிடித்துக் கூடவே நடப்பான். பந்து கோணலாகப் போகும்போதெல்லாம், "தலையைத் தூக்கிட்டே" என்பான். எத்தனையோ பந்துகளைத் தொலைத்தேன். அந்த ஒன்றை வெளியே எடுத்ததே இல்லை.

போன மாதம், படுக்கையில் இருந்தபடி கேட்டான்.

"இன்னும் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"அப்பவே அடிச்சிருக்கணும் லா. கோணலா போயிருந்தாலும்..."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாளை அடக்கம். பந்து மஞ்சளாகி இதோ மேசைமேல் இருக்கிறது. இப்போது எனக்கும் கை எழுவதில்லை.

போடா, மரியதாஸ்... போய் வா.