மேட்டில் நின்ற ஆட்டோ

அஜ்மான் மீன் சந்தைக்கு வெளியே மத்தியைக் கனலில் போட்டார்கள். கொழுப்பு சொட்டியது, நெருப்பு சீறியது, புகை என் சட்டைக்குள் புகுந்தது. அவ்வளவுதான். பார்சலுக்கு நின்றிருந்த நான் மறுபடி லிஸ்பனில் இருந்தேன். செங்குத்தான ஒரு சந்தில், ஆட்டோவின் பின் இருக்கையில், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி.

ஓட்டியவன் என் பழைய ரூம்மேட், கீழக்கரைக்காரன். ஊரில் ஆட்டோ ஓட்டினால் பெண் தரமாட்டார்கள் என்று வளைகுடாவுக்கு வந்தவன். அஜ்மானில் என்னோடு ஒரே அறையில் கிடந்து வருடக்கணக்காக டாக்சி ஓட்டினான். வேலை போனதும் போர்ச்சுகலுக்குப் போனான். அங்கே கிடைத்தது, சுற்றுலாப் பயணிகளுக்குப் பழைய பேட்டைகளைச் சுற்றிக்காட்டும் ஆட்டோ.

"எங்க சுத்துனாலும் தலையில எழுதுனது மூணு சக்கரம்தான் மாப்ள."

அந்த எழுத்தும் இன்னும் உறுதியாகவில்லை. மறுநாள் காலையில் முதலாளி பின்னால் ஏறி உட்கார்ந்து பார்க்கப்போகிறார். ஒழுங்காக ஓட்டி, ஊர்க் கதையும் சொன்னால் வண்டி இவனுக்கு. இல்லாவிட்டால் மறுபடி ஹோட்டலில் தட்டுக் கழுவ வேண்டும். பெருநாள் லீவில் அவனைப் பார்க்கப் போயிருந்த நான் ஒத்திகைப் பயணி.

அவனுடைய பயம் ஒன்றே ஒன்று, மேடு. கீழக்கரையும் தட்டை, அஜ்மானும் தட்டை. போதாததற்கு அஜ்மானில் ஓட்டியதெல்லாம் ஆட்டோமேட்டிக் வண்டி. கிளட்ச் எந்தப் பக்கம் என்பதையே கையும் காலும் மறந்திருந்தன. லிஸ்பனோ குன்று மேல் குன்றாக எழும்பி நிற்கிற ஊர்.

"ஓடுற ஓட்டத்துல ஏறிடுவேன். நடுவுல நின்னேன்னு வையி, கலாஸ்!"

நிற்காமல் ஓடினோம். அல்ஃபாமா, அந்த ஊரின் மிகப் பழைய பேட்டை. எங்கள் பழைய அறையைவிட ஒடுங்கிய சந்துகள். தலைக்கு மேலே யாருடைய போர்வையோ, யாருடைய உள்பாவாடையோ, ஈரம் சொட்டச் சொட்ட. நீல ஓடு பதித்த சுவர்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிறங்க, வாசலுக்கு வாசல் அடுப்பு வைத்து மத்தி சுட்டார்கள். வளைவில் வானம் ஒருமுறை கவிழ்ந்து திரும்பியது. கள் குடித்தவன்போல நான் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"பேரே அரபிதான் மாப்ள! ஹம்மாம், அல்ஹம்மா, அல்ஃபாமா! இங்க வெந்நீர் ஊத்து இருந்திருக்கு. அரபிங்க ஆண்ட ஊரு."

"அரபிகிட்டேருந்து தப்பிச்சு வந்தேன்னு சொன்னியேடா?"

"என்ன செய்ய, எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிட்டானுவோ!"

அப்போதுதான் அந்தச் சின்னக் காப்பிக்கடை. கோப்பைகள் கிணுகிணுத்தன, வாசனை மூக்கைப் பிடித்து இழுத்தது. அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஹாரனை அழுத்திவிட்டேன். அஜ்மானில் கடை வாசலில் ஹாரன் அடித்தால் டீ வண்டிக்கே வரும். ஹாரன் கேட்டால் ஓட்டுகிறவன் கால் தானாக பிரேக்கை மிதிக்கும். மிதித்தது. மேட்டின் நட்டநடுவில் ஆட்டோ நின்றது.

டீ வரவில்லை. மாடியிலிருந்து ஈரப் போர்வையோடு ஒரு கிழவி எட்டிப்பார்த்துக் கத்தினாள். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கத்தினார். ஒரு வார்த்தையும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. பின்னால் மணி அடித்தது. திரும்பினால் மஞ்சள் டிராம், கண்ணாடி முழுக்க முகங்கள்.

"பாவி! பிரேக்கை விட்டா டிராம் மேல போய் உக்காருவோம்டா!"

"இறங்கித் தள்ளவா?"

"அசையாத! நீ அசைஞ்சா வண்டியும் அசையும்!"

பிரேக்கை விட்டான். ஒரு சாண் பின்னால் சறுக்கினோம். கிழவி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். கடைக்காரர் திட்டுவதை நிறுத்திவிட்டு, மாட்டை ஓட்டுகிறவர்போல இரண்டு கையையும் வீசி ஏறு ஏறு என்றார். "பிஸ்மில்லாஹ்" என்று ஒரு சத்தம். எஞ்சின் அலறியது, முன் சக்கரம் துள்ளியது, கல் பாவிய தெரு காலடியில் கடகடத்தது. ஏறிவிட்டோம்! டிராம் மொத்தமும் கைதட்ட, நான் ஊளையிட, உச்சியில் வீடுகள் சட்டென்று விலகி, கடல்போல் அகன்ற ஆறு கண்ணில் கொட்டியது. இருவரும் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மாலையில் மெட்ரோ படிக்கட்டருகே இறக்கிவிட்டான். எனக்கு விடிகாலையில் விமானம், அவனுக்கு முதலாளி. கட்டிப்பிடித்துவிட்டுக் கேட்டேன்.

"இப்பவாவது சொல்லு, அந்த மேட்டை எப்படிடா ஏத்துன?"

"சத்தியமா மாப்ள, கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நாளைக்குத் தொறந்துகிட்டே ஏத்திப் பாக்குறேன், துஆ செய். யல்லா, கெளம்பு."