கழுத்தில் கேமராவோடு நான்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் அடுப்பில் வேலை இருக்கிறதா என்று பார்க்கிற ஆள் நான். இருட்டறையில் தனியாக நின்று வருஷக்கணக்காக பிலிம் கழுவியிருக்கிறேன், சாவு வீடுகளுக்குப் படம் எடுக்கப் போயிருக்கிறேன், எதுவும் என்னைத் தொட்டதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நம்பினால் நம்புங்கள், நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. சிங்கப்பெருமாள் கோயிலில் எனக்குச் சொந்தமாக ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்றால் பொம்பளை போட்டோகிராபர் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள். எல்லா வீட்டிலும் ஒரே கதைதான், கேமராவைத் தூக்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். அந்தப் படத்தில் பட்டுப்புடவை இருக்கும், மனுஷி இருக்க மாட்டாள். எனக்கு அது பிடிக்காது. சாம்பார் வாளியோடு ஓடுகிறவள், மூலையில் செருப்பைத் தேடுகிறவர் என்று யாருக்கும் தெரியாமல் நாலைந்து எடுத்து ஆல்பத்தின் கடைசியில் சொருகிவிடுவேன். முதலில் திட்டுவார்கள். பத்து வருஷம் கழித்து அந்தக் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள், இதை நான் எங்கு வேண்டுமானாலும் அடித்துச் சொல்லுவேன்.

அப்படி ஒரு ஆல்பத்தைப் பார்த்துவிட்டுத்தான் செல்வி என்னைத் தேடி வந்தாள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு காலனியில் வீடு, நர்ஸ் வேலை. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்து அடுத்த மாதம் கிளம்புகிறாள், நாலு வயதுப் பெண் கிரேசையும் புருஷன் ஏசுதாசையும் விட்டுவிட்டு. கூடவே வந்த ஏசுதாசுக்கு வேறு ஆசை.

"மகாலிபுரம் போலாம்க்கா. நல்ல சட்ட போட்டுக்கினு, அந்த உருண்டப் பாறைய தள்ற மாதிரி நிக்கறேன், எடு."

"அந்தப் பாறைய நான் அங்க போயி பாத்து இன்னா பண்ணப் போறேன்?" என்றாள் செல்வி. "எனுக்கு எங்க வூடு வோணும்க்கா. காலையில எப்டி கீதோ அப்டியே. இவுரு ஷிப்டு முட்ச்சிட்டு வந்து ஷூவ கழட்டுறது, இவ குளிக்க மாட்டேன்னு உருள்றது, எல்லாம்."

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று வீட்டுக்குப் போனதும் புரிந்தது. சுவரில் ஏசுதாசின் அப்பா படம் மாட்டியிருந்தது. அதற்கு முந்தின வருஷம் இறந்தவர், காலமெல்லாம் அடுத்தவர் கழனியில் கூலி வேலை பார்த்தவர். ஏதோ அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, எந்த ஸ்டூடியோக்காரரோ கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டும் டையும் வரைந்து கொடுத்திருந்தார்.

"சட்டையே போட மாட்டாருக்கா மாமா," என்றாள் செல்வி. "சிரிச்சா வவுறு குலுங்கும். அது எதுவும் இதுல இல்ல. கிரேசு இத யாருன்னு கேக்குது."

நான் வேலைக்குப் போனால் முதலில் கேமராவைத் தொடவே மாட்டேன். சும்மா உட்கார்ந்து பேசுவேன், வெங்காயம் உரித்துக் கொடுப்பேன், அவர்கள் என்னை மறக்க வேண்டும். அன்றைக்கும் அப்படித்தான். மெல்ல மெல்ல மறந்தார்கள். ஏசுதாஸ் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைச் சொறிந்துகொண்டே அப்படியே சாய்ந்து தூங்கினார். செல்வி சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு மகளுக்குப் பின்னல் போட்டாள். போடும்போதே திடீரென்று கை நின்றுவிட்டது, பின்னலைப் பிடித்தபடி அந்த உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்தேன். நான் எடுத்தது அவளுக்குத் தெரியாது. அந்த ஒரு படத்துக்காகவே அந்த நாள் தகும் என்று நினைத்தேன்.

மதியம் சங்கரா மீன் குழம்பு. சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள். பின்கட்டில், புழக்கடை வாசலுக்கு எதிரே, எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். தரை ஈரமாக இருந்ததால் கேமராவைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டேன். செல்வி சோறு போடும்போது உட்கார்ந்தபடி ஒன்று எடுத்தேன். பிறகு சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்து, கிரேஸ் தட்டை நக்குவதை ஒன்று எடுத்தேன். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நான் எதுவும் எடுக்கவில்லை, கேமரா என் கழுத்தை விட்டு இறங்கவும் இல்லை.

கலர் லேபிலிருந்து பிரிண்ட் வந்த அன்று நல்ல வெயில், கடையில் நான் மட்டும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். செல்வி சோறு போடுகிற படம். அதற்கு அடுத்தது, நாங்கள் நாலு பேரும் சாப்பிடுகிற படம்.

நாலு பேரும். செல்வி, ஏசுதாஸ், கிரேஸ், நான். செல்வி முள் எடுக்கிறாள், கிரேஸ் அண்ணாந்து எதையோ பார்க்கிறாள், ஏசுதாசின் வாய் நிறையச் சோறு. நான் ஒரு கையை நீட்டிக்கொண்டு சிரிக்கிறேன். என் கழுத்தில் கேமரா தொங்குகிறது.

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தது ஒரே கேமரா. அதுதான் படத்துக்குள் இருக்கிறது. படத்தை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து போகிற பஸ்ஸையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உள்ளே போய் நெகட்டிவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். லேபில் வேறு யார் படமாவது கலந்துவிட்டது என்று நீங்களும் சொல்வீர்கள், எல்லோரும் சொன்னார்கள். இல்லை. ஒரே துண்டு பிலிம். முன்னால் செல்வி சோறு போடுவது, பின்னால் கிரேஸ் தட்டு நக்குவது, நடுவில் இது.

மறுநாளே பஸ் ஏறிப் போனேன். மறைக்க மனம் வரவில்லை, அவர்கள் வீட்டுப் படம் அது. செல்வி வாங்கிப் பார்த்து, "இத யாரு எட்த்தா?" என்றாள்.

"தெரியலம்மா."

"இன்னாக்கா, தெரியலன்ற?"

சொன்னேன். பயந்து கத்துவாள் என்று நினைத்தேன், அவள் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏசுதாஸ்தான் வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். படத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றார், இங்கே நின்றார், குனிந்தார், கடைசியில் புழக்கடை வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

"இங்கேர்ந்துதான்க்கா. பாரு, அந்தத் தூணு, அந்த அடுப்பு, எல்லாம் சரியா கீது."

நானும் உட்கார்ந்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. பிறகு ஏசுதாஸ் படியைத் தடவிக்கொண்டே, "எங்கப்பா சாப்புட ஒக்கார்ற எடம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"பின்னல் போடற படமும் இதுவும் என் பொட்டியில வெக்கணும்," என்றாள். "மத்தத இங்க வெச்சிட்டுப் போறேன். இது எனுக்கு வோணும்."

அப்பாதான் எடுத்தார் என்று அவர்கள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்ததைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், எடுத்தது யாராக இருந்தாலும் எடுக்கத் தெரிந்தவர். ஊரையெல்லாம் நான் படம் பிடித்தேன், என்னை யாரும் அப்படி எடுத்ததில்லை. என் கல்யாண ஆல்பத்தில்கூட நான் கழுத்தை இறுக்கிக்கொண்டுதான் நிற்கிறேன். நான் சிரித்தால் எப்படி இருப்பேன் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலத்தில் செல்வி லீவில் வந்தாள். நேராகக் கடைக்கு வந்து, அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடு என்றாள். அங்கே ரூமில் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாளாம், ஓரமெல்லாம் பழுத்துப்போயிருந்தது.

"என் ரூம்ல இன்னொரு நர்ஸ் கீறாங்க," என்றாள். "தெனம் பாப்பாங்க. ஒரு நாளு கேட்டாங்க, இந்தக்கா யாருக்குத் தண்ணி குடுக்கறாங்கன்னு."

அதுவரைக்கும் நான் அந்தக் கையைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. சின்னப் படம், சிரிப்பையும் கேமராவையும்தான் பார்த்தேன். பெரிதாகப் போட்டு வந்ததை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம், நானும் அவளும். என் நீட்டின கையின் முனையில் எவர்சில்வர் டம்ளர். வாசற்படிப் பக்கம், படம் எடுக்கிறவரைப் பார்த்து நீட்டுகிறேன், ரொம்ப நாள் தெரிந்த ஒருவரிடம் சிரிப்பது போலச் சிரிக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. எத்தனையோ முறை கண்ணை மூடி யோசித்துவிட்டேன், அன்று சாப்பிட்ட மீனின் உப்புகூட ஞாபகம் இருக்கிறது, இது இல்லை.

அதுகூடப் போகட்டும். வாங்குகிறவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதானே நாம் டம்ளரை விடுவோம். அந்தப் படத்தில் என் ஐந்து விரலும் விரிந்திருக்கிறது. டம்ளர் என் கையில் இல்லை. விரல் நுனிக்கு அப்பால், தண்ணீர் துளி சிந்தாமல், நேராக நிற்கிறது.